பக்கத்து வீட்டு பிரேயர்

ஏய், எப்படிடி இருக்க? சின்னவ காலேஜ் சேர்ந்துட்டான்னு கேட்டதும் அவ்ளோ சந்தோஷம். இப்ப நீயும் உன் வீட்டுக்காரரும் மட்டும் தனியா இருக்கீங்க, பேசக்கூட விஷயமே இல்லன்னு எழுதியிருந்தியே, அதான் மனசுல ஓடிட்டே இருக்கு.

இங்க அமெரிக்கால, அட்லாண்டால எங்க பக்கத்து வீட்ல ஒரு கறுப்பின தம்பதி, கல்யாணமாகி 41 வருஷம். போன ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு சாப்பிடக் கூப்டாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கைய புடிச்சிட்டு கண்ண மூடி, அவர் அந்தம்மா முட்டி வலிக்கு, அந்தம்மா அவரோட தூக்கத்துக்குன்னு ஒருத்தருக்காக ஒருத்தர் சத்தமா வேண்டிக்கறாங்கடி, எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. அடிமை காலத்துல அவங்க முன்னோருங்க கல்யாணத்துக்கு சட்டத்துல மதிப்பே கிடையாதாம், முதலாளி நினைச்சா புருஷன ஒரு ஊருக்கு பொண்டாட்டிய ஒரு ஊருக்கு வித்துடுவான், அதனால "சாவோ தூரமோ பிரிக்கிற வரைக்கும்"னு உறுதிமொழி சொல்ல வச்சிருக்காங்க. 1865ல விடுதலை கிடைச்சதும் காணாம போன துணைய தேடி சர்ச் பத்திரிகைல விளம்பரம் குடுத்தாங்க, பாஸ்டருங்க அத சபைல படிச்சிருக்காங்க. சட்டம் கைவிட்ட கல்யாணத்த சர்ச் தாங்கி புடிச்சிருக்கு, அப்புறம் அவங்களுக்கு சாமியும் தாம்பத்யமும் எப்படி தனித்தனியா இருக்கும் சொல்லு?

இப்படி துணைக்காக வேண்டறத பத்தி ஆராய்ச்சியும் பண்ணியிருக்காங்க. ஜார்ஜியா யுனிவர்சிட்டி ஸ்டீவன் பீச்ங்கறவரோட குழு 393 கறுப்பின தம்பதிங்கள்ட்ட ஆராய்ச்சி பண்ணி 2011ல வெளியிட்டாங்க. சண்டைய எப்படி பேசி தீக்கறதுன்னு சொல்லித்தர்ற பயிற்சியோட, துணைக்காக பிரேயர் பண்றதையும் சேத்தப்போ மனைவிங்களுக்கு இன்னும் நல்ல பலன் இருந்துச்சாம். அவர திருத்துன்னு வேண்டறது இல்லடி, அவருக்கு நல்லது நடக்கட்டும்னு வேண்டறது. பேசிப் பழகற பயிற்சியும் கூடவே இருந்துச்சு, அதனால பிரேயர் மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன், அடிக்கிறவன சகிச்சிட்டு சாமிய கும்புடுன்னு எவனாவது சொன்னா அத ஒத்துக்கவும் மாட்டேன்.

நானும் இவரும் 22 வருஷமா ஒண்ணாதான் கோயிலுக்கு போறோம், அவர் என்ன வேண்டிக்கறார்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நேத்து ராத்திரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "உனக்கு முன்னாடி நான் போயிடணும்னு" அப்டின்னார். விளக்க அணைச்சிட்டு ரொம்ப நேரம் கைய புடிச்சிட்டே படுத்திருந்தோம்.

நீயும் உன் வீட்டுக்காரர்ட்ட கேளுடி. என்ன சொன்னார்னு எழுது.