வெள்ளெழுத்தும் 27 அங்குலமும்

கோயம்புத்தூர்
14.12.2025

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம். வேறு கதை கட்டப்போவதில்லை. மகன் திருச்சி விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அவன் மடிக்கணினியோடு கிளம்பிவிட்டான். பொதுமுடக்கக் காலத்தில் உன்னை நச்சரித்து வாங்கிய பெரிய கணினியும் 22 அங்குல மானிட்டரும் உனக்கு வந்து சேர்ந்துவிட்டன. பகலில் வரிக் கணக்கு, இரவில் நம் பழைய கணினி ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய மானிட்டராக ஒன்று வாங்க வேண்டும், 27-ஆ 32-ஆ, ஒரே வரியில் சொல் என்கிறாய்.

ஒரே வரியில் சொன்னால் 27. ஆனால் அந்த ஒரு வரிக்கு நான் கட்டிய தண்டத்தை நீ கேட்டே ஆக வேண்டும்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் காலர் அழுக்கைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்துச் சொல்கிறாள். அவளுக்குப் பார்வை வந்த அதே மாதத்தில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. செய்தித்தாளை நீட்டிப் பிடித்துப் பிடித்துக் கை போதாமல் போனதும் டாக்டரிடம் போனேன். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக ஒரே கண்ணாடியில் இரண்டு வேலையைப் பொருத்திக் கொடுத்துவிட்டார். உனக்கும் என் வயதுதான். இன்னும் வரவில்லை என்று பெருமையடித்துக்கொள்ளாதே, வரும்.

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் 32 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினேன். வளைந்த திரை. கடையில் ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்த்தபோது கல்யாண மண்டப மேடை மாதிரி ஜொலித்தது. விலையும் மலிவு. ஏன் மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் மேசையில் வைத்து, மில் கணக்கைத் திறந்ததும் எண்கள் பிசிறடித்தன. ராத்திரியில் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன் அல்லவா, அங்கேதான் நொந்துபோனேன். 'க்' எது, 'க' எது என்று தெரியவில்லை. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி, பக்கத்து வளைவோடு ஒட்டிக் கரைந்துபோயிருந்தது. ஆங்கிலம் மட்டும் படிப்பவனுக்கு இது அவ்வளவாக உறைக்காது. தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே போயிற்று.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கெழுதிப் பிழைப்பவன் வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. நான் வாங்கியது ஃபுல் எச்டி. அப்படியென்றால் திரையில் படத்தை வரையும் ஒளிப்புள்ளிகள் அகலத்தில் 1920, உயரத்தில் 1080, மொத்தம் இருபது லட்சத்துச் சொச்சம். திரை 22 ஆனாலும் 32 ஆனாலும் அதே இருபது லட்சம்தான். ஒரு கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் தோசை. பெரிய கல்லில் இழுத்தால் அடி தெரியும். உன்னிடம் இருக்கும் 22 அங்குலத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு 100 புள்ளிகள் இருக்கின்றன. நான் வாங்கிய 32-இல் 69. அந்தப் புள்ளிகள் தனித்தனியாகக் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் நாலடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். என் மேசையின் ஆழமே இரண்டடி. கடை திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. இப்போது அது மைத்துனரின் மளிகைக் கடையில் கண்காணிப்பு கேமராவின் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பரம திருப்தி.

அதனால் நீ 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி வாங்கினால்கூட இறக்கம்தான்: 100-இலிருந்து 82-க்கு இறங்குவாய். பெரிதாக்கியும் கூர்மை குறையாமல் இருக்க, 2560-க்கு 1440 உள்ள கியூஎச்டி வேண்டும். அதில் 27 அங்குலத்துக்கு 109 புள்ளி. அதே கியூஎச்டி 32 அங்குலத்தில் 92-தான்; 24 அங்குல ஃபுல் எச்டியின் கூர்மை எதுவோ அதுவேதான், இடம் மட்டும் அதிகம். 32-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 3840-க்கு 2160 உள்ள 4கே வாங்கு, 138 புள்ளி. ஆனால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். விண்டோஸில் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைப்பாய். அப்போது கையில் மிஞ்சும் இடம் மறுபடி கியூஎச்டி அளவுதான். எழுத்து கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆனால் ஆட்டத்தில் அந்தத் தெளிவுக்குக் கப்பம் கட்டுவது கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது நொடிக்குப் பல தடவை மாறும் ஒவ்வொரு படத்துக்கும், 83 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும், கியூஎச்டியைப்போல் சரியாக இரண்டேகால் மடங்கு. உன் மகன் போட்டு வைத்திருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 என்று எழுதியிருந்தாய். நல்ல கார்டு, கியூஎச்டியைத் தாராளமாக ஓட்டும். 4கே-யில் புதிய ஆட்டங்களைப் போட்டால் மூச்சு வாங்கும். மானிட்டரை வாங்கிவிட்டு அதற்காகக் கார்டு மாற்றுவது, சேலைக்கு ஏற்றபடி பீரோ வாங்குவது மாதிரி. இதை என் வீட்டுக்காரியிடம் காட்டாதே.

அங்குலத்தை விட்டுவிட்டு இப்போது மேசைக்கு வா. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 32 அங்குலத் திரை 71 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். 27 என்றால் 60-க்கு 34. ஆறு சென்டிமீட்டர் உயரம் என்ன பெரிய வித்தியாசம் என்பாய். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்ட பிறகு சொல். கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் அடிப்பாகத்தில் இருக்கிறது. உயரமான திரையின் மேல்வரியை அதன் வழியாகப் படிக்க வேண்டுமானால் முகவாயைத் தூக்க வேண்டும். ஒரு மாதம் அப்படியே கோபுரம் பார்ப்பவன் போல் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கூடவே கணினித் தொலைவுக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மானிட்டரை விட எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது அந்தக் கண்ணாடிதான்.

மானிட்டரோடு வரும் கால் மேசையில் பின்னால் ஒரு சாண் இடத்தையாவது தின்றுவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார். முடியாவிட்டால் பின்புறம் 100-க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா பார். தனியாக ஒரு தாங்கு கை வாங்கி மேசை விளிம்பில் கவ்வவைத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியதும் கண் எரிச்சல் பாதியாகிவிட்டது.

இனி ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றுகிறது என்ற கணக்கு. நம் பிரவுசிங் சென்டரில் இருந்த 15 அங்குலக் கண்ணாடிக் குடம் போன்ற பழைய மானிட்டர்கள் நினைவிருக்கிறதா? 800-க்கு 600, மொத்தமே ஐந்து லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். ஆனாலும் அவை நொடிக்கு 85 தடவை படம் மாற்றின. அதன் பிறகு வந்த தட்டைத் திரைகள் பெரும்பாலும் 60-இல் நின்றுவிட்டதால், ஓடும் குதிரை தேய்த்து அழித்ததுபோல் தெரிந்தது. வயதாகிவிட்டதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது 144, 165 எல்லாம் சாதாரணம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 17 மில்லி வினாடி நிற்கும், 165-இல் ஆறு. சுட்டியை நகர்த்தினாலே, எக்செல் பக்கத்தைத் தள்ளினாலே தெரியும்.

தெரியும் என்று எழுதிவிட்டேன், எனக்கு மூன்று வாரம் தெரியவில்லை. இரண்டாவதாக வாங்கிய 27 அங்குலம் 165 ஹெர்ட்ஸ். பெட்டியில் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பரணில் போட்டுவிட்டு, ஏற்கெனவே மாட்டியிருந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளிலேயே செருகி, "ஆகா, என்ன வழவழப்பு!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருநாள் விண்டோஸின் திரை அமைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது 60-இல்தான் ஓடுகிறது" என்றாள். கேபிளை மாற்றி, அமைப்பில் 165-ஐத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான வழவழப்பு எது என்று தெரிந்தது. நீ முதல் நாளே அதைச் செய்துவிடு. இன்னொன்று, எல்லா ஆட்டமும் அந்த வேகத்தைப் பயன்படுத்தாது. மகள் ஆடும் எல்டன் ரிங் நொடிக்கு 60 சட்டகத்தைத் தாண்டவே தாண்டாது. அகலத் திரையில் போட்டாலும் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டைதான்.

அகலத் திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. 34 அங்குலம், 3440-க்கு 1440. இரண்டு எக்செல் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரிக்க உனக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. முன்பு 32 அங்குலத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி 28 சதவீதம். இந்த செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. மேசை அகலமாக இருந்தால் யோசிக்கலாம். என் மேசை இடம் கொடுக்கவில்லை.

பேனல் வகையில், அதாவது திரைப் பலகையின் தொழில்நுட்பத்தில், அதிகம் குழம்பாதே. ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று மூன்று வகை சொல்வார்கள். ஐபிஎஸ் வாங்கு. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. இருட்டறையில் கருப்பு கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும், அவ்வளவுதான். விஏ-யில் கருப்பு நல்ல கருப்பு. விலை மலிந்தவற்றில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது மை இழுவியதுபோல் தெரியும். ஓஎல்இடி பார்த்தால் விட மனம் வராது, ஆனால் நீ எட்டு மணி நேரம் அசையாத கட்டங்களையும் கீழே டாஸ்க்பாரையும் வைத்திருப்பவன். அவற்றின் தடம் நாளாவட்டத்தில் திரையில் தங்கிவிடக்கூடும். பெட்டியில் எச்டிஆர் 400 என்று, வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் என்ற பொருளில், ஒட்டியிருந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதே.

சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறாய் என்றால் ஒரு பென்டிரைவில் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களும், உன் எக்செல் தாள் ஒன்றும், பத்து பாயிண்ட் எழுத்தளவில் ஒரு பக்கத் தமிழும் எடுத்துக்கொண்டு போ. உன் மேசைத் தொலைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார். நிற்காதே. திரையில் ஒரு ஒளிப்புள்ளி வேலை செய்யாமல் செத்திருந்தால் அங்கேயே தெரியவேண்டும். ஒரு புள்ளிக்காகவெல்லாம் பல நிறுவனங்கள் பின்னால் மாற்றித் தருவதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போ. அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாம் ஆடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் புதுமெருகோடு வந்திருக்கிறது அல்லவா, அதில் 2022-இல் திராவிடர் என்று ஒரு தரப்பைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று உருமி வீரர்கள். நமக்கு உறுமி என்றால் மேளம். இவர்கள் கையில் அது சுருள்வாள். முதல் தடவை அவர்களை அனுப்பியபோது கொட்டடித்துக்கொண்டு போவார்கள் என்றே எதிர்பார்த்தேன். பெரிய திரையில் அந்த வாள் சுழல்வது தனியாகத் தெரிகிறது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. அதற்குள் டேப் எடுத்து மேசையின் ஆழத்தையும், நாற்காலியில் சாய்ந்தால் கண்ணிலிருந்து சுவர்வரை எவ்வளவு என்பதையும் அளந்து எழுது. 2001-இல் மின்வெட்டால் நின்றுபோன ஆட்டத்தில் உன் கோட்டைச் சுவர் இரண்டு பக்கம் இடிந்திருந்தது என்று நான் இன்னமும் சொல்கிறேன். நீ ஒரு பக்கம்தான் என்கிறாய்.

அன்புடன்,
உன் பங்காளி