மூழ்கின வண்டியும் உன் பச்சை நோட்டும்

ஷார்ஜா
டிசம்பர் 2024

மாப்ள,

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, ஷட்டரை இறக்கிவிட்டு நானும் ஹெல்ப்பர் பையனும் மட்டும் இருந்தபோது. முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். ஊரில் நடுராத்திரி ஆகியிருக்குமே என்று வைத்துவிட்டேன். நீ கூப்பிட்டு நான் எடுக்காத கணக்கு வேறு பெரிதாகக் கிடக்கிறது. வாய்ஸ் மெசேஜில் அடங்குகிற சமாசாரமும் இல்லை இது. பொறுமையாக உட்கார்ந்து படி.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெரியவள் ப்ளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்தாள் என்று சேட்டன் பத்து தடவை கேட்டுவிட்டார். அவர் கடை அப்படியேதான் இருக்கிறது, பொரோட்டா மட்டும் சின்னதாகிவிட்டது. "ஆட்டுக்கால் எப்ப வருது?" என்று உன்னைத்தான் விசாரிக்கிறார். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

ஏப்ரல் 16 மழையை டிவியில் பார்த்திருப்பாய். 1949-இல் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படிப் பெய்ததில்லையாம். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர். குற்றால மலையைப் பார்த்து வளர்ந்தவன் நீ, இதெல்லாம் ஒரு மழையா என்பாய். இங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே கிட்டத்தட்ட நூறு மில்லிமீட்டர்தான். ஷார்ஜாவில் அல் மஜாஸ், காஸிமியா பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. சனையாவில், அதான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், நம் மெக்கானிக் கடைக்குள்ளும் முழங்கால் அளவு. அதற்குப் பிறகு ரிக்கவரி வண்டிகள் வரிசைகட்டி நின்றதை நீ பார்க்கவில்லையே! மஸ்டாங், கேமரோ, பட்ரோல், எல்லாம் சேறு பூசிக்கொண்டு.

அதில் ஒன்றுதான் இது. 2014 நிஸான் ஜிடிஆர் கார், சாம்பல் கலர். அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் சீட் மெத்தை முங்குகிற அளவு தண்ணீரில் நாலு நாள் நின்றிருக்கிறது. இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் எழுதிவிட்டார்கள். ஏலத்தில் முதலாளி எடுத்து வந்து, "உன்னால முடியுமா?" என்று என்னைக் கேட்டார். நான் பானட்டைத் திறந்து, இன்ஜின் மேலே இருந்த அந்தச் சின்னத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஜப்பானில் யோகஹாமாவில் ஒரே ஆள் கையால் கோத்த இன்ஜின், கோத்தவர் பெயர் அந்தத் தகட்டில் இருக்கும், உனக்கே தெரியும். அந்தப் பெயரைப் பார்த்ததும் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

இன்ஜின் என்னை ஏமாற்றவில்லை. வண்டிக்காரப் பையன் புத்திசாலி, தண்ணீர் வடிந்த பிறகும் ஸ்டார்ட் பட்டனைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற மஸ்டாங்காரர் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் என்ன காற்றா, பிஸ்டன் அமுக்கினால் அமுங்குவதற்கு? கனெக்டிங் ராடு கொக்கிபோல வளைந்து கிடந்தது. நம் வண்டியில் ஆறு பிளக்கையும் கழற்றி கேமரா விட்டுப் பார்த்தேன். நாலாவது சிலிண்டரில் மட்டும் லேசான துரு. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. இந்த இன்ஜினின் சிலிண்டருக்குள் லைனர் என்கிற தனி இரும்புக்குழாய் கிடையாது, அலுமினியத்தின் மேல் பிளாஸ்மாவால் தெளித்த மெல்லிய பூச்சுதான். நம்மூர் வண்டிபோல சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம் என்கிற பேச்சே இல்லை. ஆயிலை ஊற்றி ரெண்டு நாள் ஊறவைத்து, கிராங்க் புல்லியில் பாரைப் போட்டு, பிரசவம் பார்க்கிற மாதிரி மெல்ல மெல்லத் திருப்பினேன். சுற்றியது. துரு மேலோடு போய்விட்டது. கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கிறதல்லவா, அதன் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீர் போய் ஆயில் பால்சாயா மாதிரி வந்தது. மூன்று தடவை கழுவினேன். அவ்வளவுதான்.

இப்போது நீ சிரி. பன்னிரண்டு வருஷம் உன்னை "வயர்காரன், வயர்காரன்" என்று ஓட்டினேன். ஏழு மாதம் என்னை அழவைத்தது முழுக்க வயர்தான்.

கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் இருக்கிற நுரைமெத்தை ஜூன் மாதத்திலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த வெயிலில்! ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, முழுக்க அதற்குள்தான் படுத்திருந்தது. வயர்களை இணைக்கிற கப்ளர்களைத் திறந்தால் உள்ளே பாசிபோலப் பச்சைக் களிம்பு. சரி, கப்ளர் மாற்றலாம், நாலு விரற்கடை வயரை நறுக்கி ஜாயின்ட் போடலாம் என்று ஆரம்பித்தேன். நறுக்கினால் செம்பு கறுப்பு. இன்னும் நாலு விரற்கடை, அதுவும் கறுப்பு. தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு அடி மேலேயும் கறுப்பு! விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இழை இழையாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. நீ இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே போயிருக்கும் என்று. அப்போதெல்லாம் நீ பில் ஏற்றுவதற்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன், மாப்ள. நிஜமாகவே மன்னித்துக்கொள்.

அதைவிடப் பெரிய கூத்து செப்டம்பரில். பகல் முழுக்க வண்டி ஒழுங்காகப் பேசும். ஸ்கேனரைப் போட்டால் எல்லா கன்ட்ரோல் யூனிட்டும் பதில் சொல்லும். காலையில் கடை திறந்தவுடன் போட்டால் பாதி யூனிட்டைக் காணோம். பத்து மணிக்குமேல் திரும்ப வந்துவிடும். பேய் பிடித்திருக்கிறது என்று பையன் சொல்லிவிட்டான். ஒருநாள் விடிகாலை சுபுஹு பாங்கு சொல்லும்போதே வந்து, யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற ரெண்டு வயர், அந்தக் கேன் லைனில் மீட்டரை வைத்தேன். ரெண்டு முனையிலும் 120 ஓம் இருக்கிறதால் நடுவில் 60 காட்டவேண்டும். 43 காட்டியது. வெயில் ஏற ஏற 50, 55, மதியம் 60. அப்போதுதான் உறைத்தது. ராத்திரி ஈரக்காற்றை ஒரு கப்ளருக்குள் இருந்த உப்பும் சேறும் குடித்து, ரெண்டு வயருக்கும் நடுவில் பாலம் போட்டிருக்கிறது. டேஷ்போர்டை முழுக்கக் கழற்றி அந்தக் கப்ளரைக் கண்டுபிடிக்க பதினொரு நாள். சுண்டுவிரல் அளவுதான் இருந்தது.

இதையெல்லாம் தாண்டிய பிறகு ஒரு சண்டை. ஏர்பேக் லைட் அணையவில்லை. கன்ட்ரோல் பெட்டி நடுவில் தரையோடு தரையாக இருப்பது, தண்ணீர் குடித்துவிட்டது. வண்டியைக் கேட்டு வந்த புரோக்கர், "ஒரு ரெசிஸ்டரைப் போட்டு லைட்டை அணைச்சு விடுங்க, பாஸிங்ல யாருக்குத் தெரியப்போகுது?" என்றான், வண்டிப் பரிசோதனையைத்தான் சொல்கிறான். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். மலீஹா ரோட்டிலிருந்து நாம் ரெண்டுபேரும் தூக்கிவந்த வெள்ளை வண்டி உனக்கு நினைவிருக்கும். அதன் லைட்டையும் இப்படித்தான் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. என் கையால் அது நடக்காது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். விசா கேன்சல் ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். முதலாளி ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டி, பெல்ட், சென்சார் எல்லாம் புதிதாக ஆர்டர் போடச் சொல்லிவிட்டார். விற்கும்போது வெள்ளத்தில் கிடந்த போட்டோக்களையும் காட்டித்தான் விற்கவேண்டும் என்று கேட்டேன், அதற்கும் சரி என்றார். நல்ல மனுஷன், மாப்ள. நாம் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டியிருக்கிறோம்.

உன் மச்சினன் சென்னையில் சல்லிசாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருக்கிறான் என்றாயே. போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே எத்தனை வண்டி முங்கியது! சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கச் சொல், அடியில் சேற்றுக்கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடட்டும். சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். வாசனைக்கு ஏதாவது அடித்து வைத்திருந்தால் அதுவே சந்தேகம்தான்.

இப்போது நான் கேட்கவேண்டியது. நீ விட்டுப்போன பச்சை நோட்டு கீழ்த்தட்டில் இருந்தது, அதுவும் முங்கிவிட்டது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, நடுவில் டிஷ்யூ வைத்து, கட்டிலுக்கு அடியில் மூன்று வாரம் காயப்போட்டேன். ரூமில் எல்லாரும் சத்தம் போட்டார்கள். முக்கால்வாசி பிழைத்துவிட்டது. பழைய கறுப்பு ஜிடிஆருக்கு நீ எழுதிவைத்த வயர் கலர்களை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பின்பக்கம் கியர்பாக்ஸுக்குப் போகிற கட்டு இருக்கும் பக்கத்தில் மட்டும் கடைசி மூன்று வரி மை கரைந்துவிட்டது. போட்டோ அனுப்புகிறேன். நீலத்தில் வெள்ளைக்கோடு வரைக்கும் படிக்க முடிகிறது. அதற்குப் பிறகு என்ன எழுதினாய் என்று யோசித்துச் சொல். புதுப் பெட்டி சனிக்கிழமை வருகிறது, அதற்குள் வேண்டும்.

உன் மச்சான்