எங்கள் படலையில் தொடங்கும் கோடு

யாழ்ப்பாணத்தில் நடை, ஓட்டம், துவிச்சக்கரவண்டிக் குழுக்களை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்களில் ஒரு குழு நடத்தும் மாதாந்த நடைப் போட்டியில் என் மகள் சேர்ந்தாள். அடிகளையும் இருப்பிடத்தையும் பதியும் கைமணிக்கூட்டின் இணையக் கணக்கை வேறொரு செயலியுடன் இணைத்தால்தான் பெயர் பதிவாகும் என்றார்கள். இணைத்தாள். இரண்டாம் வாரம் நானும் அதைத் திறந்து பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் படலையில் தொடங்கி, ஒழுங்கையால் ஏறி, நல்லூர் கோயில் வீதியைச் சுற்றி, திரும்பவும் எங்கள் படலையிலேயே முடிகிறது ஒரு சிவப்புக் கோடு. நாள்தோறும் அதே நேரம், அதே கோடு. குழுவில் உள்ள எவரும் பார்க்கலாம்.

எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று காவலரண்களில் பதில் சொல்லியே வளர்ந்தவன் நான். அந்தப் பதிலை என் பிள்ளை எவரும் கேளாமலே கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது.

இணைக்கும்போது கடவுச்சொல் மற்றச் செயலிக்குப் போவதில்லை. அனுமதி கொடுத்ததும் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் அனுமதிக் குறியீடு, ஒரு மின்சாவிதான் கைமாறுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சாவி எதையெல்லாம் திறக்கும் என்பது நாம் அடையாளமிடும் பெட்டிகளைப் பொறுத்தது: அடிகள், இதயத் துடிப்பு, உறக்கம், எடை, இருப்பிடம். அந்தக் குழுவின் அறிவுறுத்தலில் எல்லாவற்றையும் தெரிவு செய்யுமாறு இருந்தது. நடைப் போட்டிக்கு ஒரு பெண்ணின் உறக்கக் கணக்கு எதற்கு?

ஓட்டங்களையும் துவிச்சக்கரவண்டிப் பயணங்களையும் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம், பயனர்களின் தடங்களைத் திரட்டி 2017இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் எவருடைய பெயரும் இல்லை. ஆயினும் படையினர் ஓடிய தடங்களே இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது. முகாமுக்கே அப்படியென்றால் ஓர் ஒழுங்கை வீட்டுக்கு என்ன மறைப்பு?

போட்டி முடிந்து செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்தாலும் இணைப்பு அறுவதில்லை. கைமணிக்கூட்டுக் கணக்கின் அமைப்புப் பகுதியில் அனுமதியை நீக்க வேண்டும். ஏற்கனவே போன தரவை அழிக்கத் தனியாகக் கேட்க வேண்டும். இதை உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது.

அடிக் கணக்கை மட்டும் கேளுங்கள். வீட்டைச் சுற்றிய பகுதியை வரைபடத்தில் மறைக்கும் வசதி இருந்தால், முதல் நாளே அதைச் செய்யவையுங்கள். இணைக்க விரும்பாதவர்கள் அன்றன்றைய அடிகளைக் காட்டும் திரையைப் படம்பிடித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். மகள் இணைப்பை நீக்கிவிட்டாள், நடையை நிறுத்தவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் அவளுக்கு இடமுண்டா என்று அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
நல்லூரில் வசிக்கும் ஒரு தந்தை