திருச்செந்தூர் நடைக்கு முன்னால் அந்தப் பெருவிரல்

அன்புள்ள ராசாவுக்கு,

நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பெருவிரல் நகம் நுனியில் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவு மாதிரி உதிர்கிறது. நகச்சொத்தை, அதாவது நகத்தில் பூஞ்சை, மாதிரித்தான் தெரிகிறது. "வலியே இல்லம்மா, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்துட்டு வந்து பொறவு பார்த்துக்கிடலாம்" என்கிறாய். அந்த "வலியே இல்ல"தான் எனக்குப் பயம்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கு நகச்சொத்தை பெரும்பாலும் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். உனக்கு அப்படியில்லை. தடித்த நகம் ஷூவுக்குள் அடிச்சதையை அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கே புண் வந்தாலும் நகம் மூடிக்கொள்ளும். அதன் விளிம்பு பக்கத்து விரலைக் கீறும். இதே பூஞ்சை விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாக வெடித்து, சீழ்க் கிருமிக்கு வழி திறந்துவிடும். கால் மரத்திருந்தால் எதுவும் உறைக்காது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. எலும்பு வரை சீழ் இறங்கி விரலை எடுக்கிற நிலைமைக்கு ஆரம்பம் பல நேரம் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு ராத்திரியே ஒன்று செய்யுங்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு படு. மருமகள் தன் ஆட்காட்டி விரல் நுனியால் உன் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும் மாற்றி மாற்றி, ஒன்றிரண்டு நொடி பைய தொடட்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, ஒரு விரலை இரண்டாம் தடவை தொடக் கூடாது. தொட்டதும் வலதா இடதா என்று சொல். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு தோல் டாக்டர். தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை; ஷூ இடித்தும் சோரியாசிஸாலும் இதே மாதிரி வரும், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் வேறாக இருக்கும். அதனால் நகத்தை வெட்டி, அடிப்பொடியைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று காட்டுகிற கேஓஎச் சோதனை செய்யச் சொல். அதற்கு முன்னால் எந்த க்ரீமும் தடவாதே, இருக்கிற பூஞ்சையும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகும். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கேட்காமலே கொடுப்பார்கள். அது அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்க்கும். மருதாணி அரைத்து வைக்கச் சொல்வார்கள், அது நகத்துக்கு அடியில் இறங்காது, நிறத்தால் மாற்றத்தை மறைக்கத்தான் செய்யும்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் வழக்கமாகக் கொடுப்பது டெர்பினாஃபின் என்கிற பூஞ்சை மாத்திரை, 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். தொடங்கும் முன் கல்லீரல் ரத்தச் சோதனையும், சர்க்கரைக்காரன் என்பதால் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது பசி போனாலோ, மூத்திரம் கருத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போ. 12 வாரம் முடிந்தும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். கால் நகம் மாதத்துக்கு 1.5 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், பெருவிரல் முழுக்கப் புதுசாக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். அடியில் தெளிந்த நகம் வருகிறதா என்று பார். பலர் இது புரியாமல்தான் மருந்து பலிக்கவில்லை என்று பாதியில் விடுகிறார்கள்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். ஃப்ளூகோனசோல் என்கிற இன்னொரு பூஞ்சை மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதே. நீ சாப்பிடுகிற கிளிமிப்பிரைடு சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். டாக்டர் இட்ராகோனசோல் என்கிற பூஞ்சை மருந்தை எழுதினால், கொழுப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரையைக் காட்டி, இரண்டும் சேரலாமா என்று கேள். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகவே ஆகாது.

நகத்தைக் குளித்த பிறகு, நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. பிளேடு வேண்டாம். மரத்திருந்தால் தடித்த நகத்தை நீ தொடவே வேண்டாம், டாக்டர் தேய்த்துக் குறைக்கட்டும். உனக்கென்று தனி நகவெட்டி. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடை. தேங்காய் எண்ணெய் பாதத்துக்குத் தடவலாம், இடுக்கில் கூடாது. காலைச் சுடுதண்ணீரில் ஊற வைக்காதே, மரத்திருந்தால் சூடு உனக்குத் தெரியாது. ஷூவை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, கழற்றினதை வெயிலில் வை.

இனி நடை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு. செய்துங்கநல்லூர் தாண்டுவதற்குள் தார் ரோடு சூடேறிவிடும். தொட்டுப் பார்த்ததில் உணர்ச்சி குறைவாக இருந்தால் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் போ, ராசா. பச்சை வேட்டி கட்டி ரயிலில் வந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். ஆறும் சரியாக இருந்து, கால் நாடியையும் பார்த்து டாக்டர் சரியென்றால், பருத்திக் காலுறையும் பழகின ஷூவும் போட்டு நட. கோயில் வாசலில் கழற்று. தங்குகிற இடத்தில் எல்லாம் உள்ளங்காலை செல்போனில் படம் எடுத்துப் பார். கொப்புளமோ கீறலோ இருந்தால் கடலிலும் நாழிக்கிணற்றிலும் இறங்க வேண்டாம், தலையில் தெளித்துக்கொள்.

விரல் சிவந்து, சூடாகி, வீங்கினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல், கருப்பு எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சாயந்தரம் பார்க்கலாம் என்று வைக்காதே.

தொட்டுப் பார்த்ததில் எந்தெந்த விரல் தவறினது என்று மருமகளை எழுதி அனுப்பச் சொல். கூடவே கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எண்ணையும்.

அன்புடன்,
அம்மா