பாலைவனம் என்றதும் பிள்ளைகள் வரைவது: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

புவியியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை. பாலைவனப் பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, "பாலைவனம் எப்படி இருக்கும்? வரைங்க" என்பேன். பெயர் வேண்டாம், மதிப்பெண் கிடையாது. வந்த தாள்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே கை வரைந்ததுபோல இருக்கும். மேல் மூலையில் சூரியன், கீழே அலையலையாய் மணல், ஓர் ஒட்டகம், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கள்ளி. மனிதர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். இருந்தால் தாகத்தில் விழுந்து கிடப்பார்கள்.

அந்தக் கள்ளியின் பெயர் சாகுவாரோ. அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் விரிந்திருக்கும் சொனோரன் பாலைவனத்துச் செடி அது. ஒட்டகமோ ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது. இரண்டையும் ஒரே மணலில் நிறுத்தியது கார்ட்டூன்தான். பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளைகள் அந்தப் படத்தை மனதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பரீட்சையில் "ஆண்டு மழை 25 செ.மீ.க்கும் குறைவான பகுதி பாலைவனம்" என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அரைத்தாள் கொடுத்தால் அதே சூரியன், அதே ஒட்டகம். வரையறையும் மனதில் இருக்கும் படமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஒருமுறை ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்க ஊர்ப் பக்கத்துலயே பாலைவனம் இருக்கு" என்றாள். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டைச் சொல்கிறாள். வகுப்பே ஆமாம் என்றது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல், ஆனி ஆடிக் காற்றில் இடம் மாறும் மேடுகள், மணலில் பாதி புதைந்த பனைகள். அவர்கள் வரைந்த படத்துக்கு ஒட்டகம் மட்டும்தான் குறை!

"சரி, அங்கே மழை எவ்வளவு பெய்யும்?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். தேரிக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் அந்த 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 95 செ.மீ. அதைப் பலகையில் எழுதி, பக்கத்தில் 25 என்று எழுதினேன். ஒரே நாளில், பாலைவனத்துக்கு வைத்த ஆண்டு வரம்பைப்போல மூன்றே முக்கால் மடங்கு! சாதாரண ஆண்டிலும் இந்தப் பக்கத்து மழை அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். தேரி மணலில் இறங்கும் மழைதான் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையில் ஊறுகிறது. அந்தச் சுனையைப் பார்க்காத பிள்ளை வகுப்பில் குறைவு. அன்றைக்குத்தான் '25 செ.மீ.' என்பது அவர்களுக்கு ஓர் அளவாகப் புரிந்தது.

அதன் பிறகு அண்டார்டிகாவுக்குப் போனோம். உலகின் மிகப் பெரிய பாலைவனம் அதுதான் என்றதும், "டீச்சர், பனியும் தண்ணிதானே?" என்று ஒருவன் மடக்கினான். நல்ல கேள்வி. உள்பகுதியில் ஓர் ஆண்டில் விழும் பனியை உருக்கினால் 5 செ.மீ. தண்ணீர்கூடத் தேறாது. ஆனால் விழுந்தது உருகுவதில்லை. உண்டியலில் சில்லறையாகப் போட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்காமல் விட்டதுபோல, சராசரியாக 2 கி.மீ. தடிமனுக்குச் சேர்ந்திருக்கிறது. உண்டியல் நிறைந்திருக்கிறது என்பதற்காக வருமானம் அதிகம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவனே "இல்ல" என்றான்.

சகாராவில் மணற்பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் கல்லும் சரளையும் பாறை மேடுகளும் என்பதை எந்தப் பிள்ளையும் முதலில் நம்புவதில்லை. புகைப்படம் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

தார் பாலைவனத்தை ஆளில்லாத காடாகவே நினைக்கிறார்கள். உலகிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனம் அது. கேஜ்ரி மரத்தின் காயைச் சமைத்து, அதன் இலையை ஆட்டுக்குப் போட்டு, வீட்டு முற்றத்தில் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டியில் மழைநீரைப் பிடித்து வைத்து வாழ்கிற மக்கள். 1730இல் கேஜர்லி கிராமத்தில் அந்த மரங்களை வெட்ட விடாமல் உயிரைக் கொடுத்தவர்கள் 363 பேர். இந்தக் கதையைச் சொன்ன பிறகு வரைந்த படங்களில்தான் முதல்முறையாக வீடுகள் வந்தன.

இதெல்லாம் வெறும் பொது அறிவு என்று விட்டுவிட முடியாது. பாலைவனமாதல் என்றால் மணல் நடந்து வந்து ஊரை மூடுவது என்றே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். மேய்ச்சல் மிகுந்து, மரம் போய், மேல்மண் அரித்து, உவர் ஏறி, இருந்த இடத்திலேயே நிலம் சத்திழப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2018-19இல் இப்படிச் சீரழிந்த நிலம் சுமார் 9.78 கோடி ஹெக்டேர். நம் மொழியிலேயே இதற்கு ஒரு பிடி இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்றார் இளங்கோவடிகள். வளமான நிலமே மாறிப்போகும் என்ற அந்த எண்ணத்தைப் பாடத்தில் எடுத்தாளலாமே.

எனவே உங்களிடம் கேட்பது இவைதான். பாலைவனப் பாடத்தின் முதல் பக்கத்தைக் காலியாக விடுங்கள்; பிள்ளை தன் மனதில் இருப்பதை அதில் வரையட்டும். பாடம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்து, எதை மாற்றுவாய், ஏன் என்று கேளுங்கள். முகப்புப் படமாக மணல்மேடு வேண்டாம். லடாக்கின் கல்வெளியைப் போடுங்கள். லே நகரின் ஆண்டு மழை சுமார் 10 செ.மீ.தான், ஆனாலும் 2010 ஆகஸ்டில் அங்கே வந்த வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பாலைவனத்தில் வெள்ளமா என்று பிள்ளை நிமிர்ந்து உட்காரும். வரையறையை எழுதச் சொல்லும் வினாவுக்குப் பதிலாக, நான்கு ஊர்களின் மழை, வெப்ப அட்டவணையைக் கொடுத்து எது பாலைவனம் என்று கேளுங்கள். ஆசிரியர் கையேட்டில், பிள்ளைகள் வழக்கமாக நினைத்திருப்பவை என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு என்னிடம் பல ஆண்டு அரைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியை