ஞாயிறு காலை ஆற்றுத் துப்புரவு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் படகுத்துறையில் கூடுகிறோம். மூடிய காலணியும் தடித்த கையுறையும் கட்டாயம்; கண்ணாடிச் சில்லுகள் சேற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

சென்ற முறை ஒரே ஒரு டயரை இழுக்க நான்கு பேர் திணறினோம். கனம் டயரில் இல்லை, அதற்குள் அடைந்திருந்த சேற்றில். இம்முறை முதலில் அதை வழித்துவிடுவோம். (இந்தப் புத்தி அன்றே வந்திருக்கலாம்!)

புதரில் சிக்கிய தூண்டில் நரம்பை விட்டுவிடாதீர்கள். பறவைகளின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மரங்களை மட்டும் அசைக்க வேண்டாம், மீன்குஞ்சுகள் அங்கேதான் ஒதுங்குகின்றன. ஊசி கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் குரல் கொடுங்கள்.

முந்தைய இரவு மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் ஒத்திவைப்போம்; காலை 6 மணிக்குள் இங்கேயே தெரிவிக்கிறேன். வேலை முடிந்ததும் படகுச் சவாரி உண்டு. உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏற முடியாது, நீச்சல் தெரிந்தவர்கள் உட்பட.