கடைசிப் பக்கத்துக்கு உதடு மிச்சம் இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித்தின் ட்ரம்பெட் சொனாட்டாவை, ட்ரம்பெட்டுக்கும் பியானோவுக்குமான மூன்று பகுதிப் படைப்பை, எடுத்திருக்கிறாய், பியானோவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. இந்நேரம் முதல் பகுதியின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்து, மெட்ரோனோமைப் போட்டு வாசித்துக்கொண்டிருப்பாய். அதை மூன்று வாரம் ஒத்திப் போடு. இந்தப் படைப்பு கவிழ்வது கடைசிப் பக்கத்தில். அதனால் படிப்பதையும் அங்கிருந்தே தொடங்கு.

1939-இல் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் ஜெர்மனியை விட்டு சுவிட்சர்லாந்து போய்விட்டார். நாஜிகள் 1936-லேயே அவருடைய இசையை மேடையேற்றத் தடை போட்டிருந்தார்கள். 1938-இல் டூசல்டார்ஃபில் ‘சீரழிந்த இசை’ என்று அவர்கள் நடத்திய கண்காட்சியில் இவரையும் சேர்த்திருந்தார்கள். இந்தப் பின்னணியை நீ மேடையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் பகுதிக்கு ஏன் ‘ட்ரவர்மூசிக்’, அதாவது இரங்கல் இசை, என்று பெயர் வைத்தார், அதன் முடிவில் ‘எல்லா மனிதரும் சாக வேண்டும்’ என்ற பழைய தேவாலயப் பாட்டின் மெட்டை ஏன் கொண்டுவந்தார் என்பது உன் மனதில் இருந்தால், அந்தப் பக்கத்தை அலங்காரமாக வாசிக்கத் தோன்றாது.

சிரமம் எங்கே என்று சொல்கிறேன். வேகமான விரல் வேலையோ, கூட்டத்தை அசர வைக்கும் உச்ச ஸ்தாயியோ இதில் பெரிய விஷயம் இல்லை. முதல் பகுதி ‘மிட் க்ராஃப்ட்’, வலிமையோடு வாசி என்கிறார். நீளமான, அகலமான, சத்தமான வரிகள். இரண்டாவது மிதமான நடை, நடுவில் துள்ளலாக ஓடும். மூன்றாவது மிக மெதுவானது. அதன் முடிவில் அந்தத் தேவாலய மெட்டு, மிக அமைதியாக. முதல் பகுதியில் முழு பலத்தையும் கொடுத்துவிட்டு வந்த உதடு, கால் மணி நேரம் போல வாசித்த பிறகு, மெல்லிய சத்தத்தில் நீளமான சுரங்களை நடுங்காமல் பிடிக்க வேண்டும். சத்தமாக வாசிக்கக் களைத்த உதடும் ஒத்துழைக்கும். மெல்ல வாசிக்க ஒத்துழைக்காது. மெல்லிய காற்றில் அதிரும் அளவுக்கு உதட்டில் நெகிழ்வு மிச்சம் இருக்காது. முதலில் வெறும் ‘ஸ்ஸ்’ என்று காற்று வரும், சுரம் அரை நொடி தாமதமாக வரும். பயந்துபோய் மவுத்பீஸை, உதட்டில் வைக்கும் அந்த ஊதுவாயை, இன்னும் அழுத்துவாய். அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் குறையும், அடுத்த சுரம் இன்னும் தாமதமாகும்.

அதனால் முதல் வாரம் முழுவதும், உதடு புதிதாக இருக்கும் காலை நேரத்தில், கடைசிப் பக்கத்தை மட்டும் வாசி. அது எப்படிக் கேட்க வேண்டும் என்று காதுக்குத் தெரியட்டும். ஒவ்வொரு வரியின் முதல் சுரத்தையும் நாக்கைத் தொடாமல், ‘ஹூ’ என்று காற்றால் மட்டும் தொடங்கிப் பார். காற்றால் தொடங்கி உடனே சுரம் வந்தால் உதடு சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் நாக்கு இதுவரை அந்தக் குறையை மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இது சரியான பிறகு நாக்கைச் சேர், ஆனால் ‘ட’ போல முட்டாமல் ‘த’ போல மெதுவாக. இரண்டாம் வாரம், மூன்றாம் பகுதியை முழுவதும் வாசித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வா. மூன்றாம் வாரம் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கி அங்கே வா. அதற்குப் பிறகுதான் முதல் பகுதி. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால், எங்கே எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கு தானாகப் பிடிபடும்.

அந்தக் கணக்கின் விளைவு முதல் பகுதியில் தெரிய வேண்டும். ‘வலிமையோடு’ என்றால் எல்லா இடத்திலும் முழுச் சத்தம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பிரதியில் எழுதியிருக்கும் சத்த அளவுகளை வண்ணப் பென்சிலால் குறித்து வைத்துப் பார்: உண்மையான உச்சம் சில இடங்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் வலிமை என்பது சுரத்தின் தொடக்கம் தெளிவாக இருப்பதும், நீளமான சுரம் கடைசி வரை சுருங்காமல் இருப்பதும்தான். அதற்கு அதிகக் காற்று வேண்டும், அதிக அழுத்தம் வேண்டாம்.

மூச்சை எங்கே எடுப்பது என்பதை மேடைக்கு விட்டுவிடாதே. இரண்டு விதக் குறி போட்டுக்கொள். ஒன்று கட்டாயம் எடுக்கும் இடம். இன்னொன்று, அடைப்புக்குறிக்குள், அவசரத்துக்கு மட்டும். பிரதியில் புள்ளி வைத்து நீட்டிய சுரங்களுக்குப் பின்னால் மூச்சு எடுத்தால் அடுத்த குட்டிச் சுரம் பிந்தும், பிந்தினால் நடையே மூன்றில் பிரியும் தாளம் போலச் சோம்பலாகிவிடும். அங்கே எடுக்காதே. மெல்லிய நீளமான வரிகளில் இன்னொரு தொல்லை உண்டு. நுரையீரல் காலியாகாமலேயே மூச்சு முட்டும். உள்ளே பழைய காற்று தேங்கியிருப்பதுதான் காரணம். அதன்மேல் இன்னும் காற்றை அடைத்தால் தோள் தூக்கும், கழுத்து இறுகும். ஓய்வு வரும் இடத்தில் முதலில் வெளியே விடு, பிறகு உள்ளே எடு.

பியானோ தனியாக வாசிக்கும் இடங்களில் மவுத்பீஸை உதட்டிலிருந்து முழுவதும் எடுத்துவிடு. உதட்டைத் தளர்த்திக் குதிரை செருமுவது போல ஒரு முறை படபடக்க விடு. நீர் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்று. ஓய்வு நீளமாக இருந்தால், உள்ளே போவதற்கு முந்தைய இரண்டு தாள அளவுகளில் சத்தமில்லாமல் வெதுவெதுப்பான காற்றை ஊதி வை. கருவி ஆறினால் சுருதி இறங்கும். பியானோ உனக்காக இறங்கி வராது.

இனி சுரத்தானம். உன்னுடைய ‘தப்பான சுரம்’ பெரும்பாலும் விரலால் வருவதில்லை, காதால் வருகிறது. ஹிண்டெமித் வரிகளில் நாலாம் இடைவெளித் தாவல்கள் நிறைய. பழகிய ராகத்தையோ மேஜர் ஸ்கேலையோ நம்பி அடுத்த சுரத்தை ஊகித்தால் ஏமாந்துபோவாய். ட்ரம்பெட்டில் இதற்கு விலை அதிகம். உதாரணத்துக்கு, பிரதியின் ஐந்து கோட்டுக்குள் இருக்கும் ஜி-யிலிருந்து மேலே சி-க்குத் தாவுகிறாய். இரண்டுக்கும் எந்த வால்வும் அழுத்துவதில்லை. எஃப்-இலிருந்து பி ஃப்ளாட்டுக்குப் போனால் இரண்டுக்கும் முதல் வால்வுதான். விரல் எந்த உதவியும் செய்யாது. காது சி-யைக் கேட்டிருந்தால் உதடு அங்கே போய் நிற்கும். கேட்காவிட்டால் மேலே இருக்கும் ஈ-யை உரசி உடைந்து விழும். மேலே போகப் போக இந்தப் படிகள் இன்னும் நெருக்கமாக வரும், அங்கே தவறுவது இன்னும் சுலபம்.

இதற்கு ஒரே மருந்து பாடுவது. பியானோவில் இடது கையின் அடிச் சுரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு ட்ரம்பெட் வரியைப் பாடு. அடுத்து, பாடிக்கொண்டே விரலை மட்டும் அசை. அடுத்து, மவுத்பீஸ் இல்லாமல் காற்றை மட்டும் ஊதிக்கொண்டு விரல். கடைசியாக வாசி, முதல் தடவை எல்லாத் தாவலையும் நாக்கு இல்லாமல் இணைத்து, பிறகு நாக்கோடு. பாட முடியாத வரியை வாசித்துச் சரி செய்ய முடியாது. பாட வெட்கமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்.

ஒன்று கவனி. இது பி ஃப்ளாட் ட்ரம்பெட்டுக்கு எழுதியது, நீ சி என்று வாசிப்பது பியானோவில் பி ஃப்ளாட். பியானோ பிரதியில் ட்ரம்பெட் வரி எந்தச் சுருதியில் அச்சாகியிருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடு. இல்லாவிட்டால் ரிகர்சலில் ‘உன் சுரம் என்ன’ என்று கேட்டுக்கொண்டே பாதி நேரம் போய்விடும். சி ட்ரம்பெட்டில் வாசித்தால் தெளிவாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். இந்தப் படைப்புக்கு அந்தக் கூர்மை தேவையில்லை என்பது என் கருத்து. பி ஃப்ளாட்டின் கனம்தான் மூன்றாம் பகுதியைத் தாங்குகிறது.

பியானோவோடு சுருதி சேர்வதில் சில இடங்கள் எப்போதும் கழுத்தை அறுக்கும். ஐந்து கோட்டின் மேல்பக்கம் இருக்கும் டி, ஈ ஃப்ளாட், ஈ மூன்றும் இயல்பிலேயே தாழ்வாக நிற்கும். இவை குழாயின் ஐந்தாவது இயற்கை அதிர்வில் பிறப்பவை, அது பியானோவின் சம சுருதியைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே (அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு இடையே நூறு சென்ட்). நீளமான சுரமாக இருந்தால் மாற்று விரல் போட்டுப் பார்: ஈ-க்கு ஒன்றாம் இரண்டாம் வால்வுகள், ஈ ஃப்ளாட்டுக்கு இரண்டும் மூன்றும், டி-க்கு ஒன்றும் மூன்றும். நாதத்தின் நிறம் கொஞ்சம் மாறும், அதனால் ஓடும் வரிகளில் இது வேண்டாம். இதற்கு நேர்மாறாக, கோட்டுக்குக் கீழே இருக்கும் டி-யும் சி ஷார்ப்பும் மேலே ஏறி நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை, அதாவது நீட்டக்கூடிய குழாயை, டி-க்கு ஒரு சென்டிமீட்டர் அளவும், சி ஷார்ப்புக்கு அதைப்போல இரு மடங்கும் தள்ள வேண்டியிருக்கும். உன் கருவியில் சரியான அளவு எது என்று ட்யூனர் வைத்துப் பார்த்துக்கொள். ஸ்லைடுக்கு எண்ணெய் போட்டிருக்கிறாயா? இடது மோதிர விரலால் சிரமமில்லாமல் தள்ள வரவில்லை என்றால் இத்தனையும் வீண்.

பியானோ வாசிப்பவரைப் பற்றி. ‘பக்கவாத்தியம்’ என்று நினைத்து அவரை அழைத்திருந்தால் இப்போதே மனதை மாற்றிக்கொள். ஹிண்டெமித்தே நல்ல பியானோ அறிவோடு எழுதியவர், அந்தப் பங்கு கனமானது, உன்னுடையதைவிடச் சுரங்கள் அதிகம். குறைந்தது ஆறு வாரம் முன்னால் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். நீயும் பியானோ பிரதியை வைத்தே படி. தனி ட்ரம்பெட் தாளில் ‘நான்கு தாள அளவு ஓய்வு’ என்று ஒரு எண் மட்டும்தான் இருக்கும், அந்த நான்கில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. உள்ளே நுழையும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் பியானோவில் வரும் சுரங்களை உன் தாளில் சின்னதாக எழுதிக்கொள். எண்ணிக்கை தவறினாலும் காது காப்பாற்றும்.

முதல் ரிகர்சலில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டாதே. சேர்ந்து நுழையும் இடங்கள், நடை மாறும் இடங்கள், இரண்டாம் பகுதியில் வேகம் பிடிக்கும் இடம், மூன்றாம் பகுதியில் பழைய நடை திரும்பும் இடம், இவற்றை மட்டும் முக்கால் வேகத்தில் செய். அதிலும் பாதியை நீ பாடு, உதடு மிஞ்சட்டும். மெதுவான பகுதியில் இருவருமே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து இழுத்துக்கொண்டே போவீர்கள். அதற்கு அரைத் தாளமாகப் பிரித்து எண்ணும் பொறுப்பு பியானோவிடம் இருக்கட்டும். நீ மூச்சு எடுக்கும் வேகமே அவருக்குச் சைகை. வரப்போகும் நடையின் அளவில் மூச்சை எடுத்தால் தலையாட்டத் தேவையில்லை.

பியானோவின் வளைவில் நில். ட்ரம்பெட்டின் வாய் கேட்பவர்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், ஆனால் பியானோ வாசிப்பவருக்கு உன் முகம் தெரிய வேண்டும். பியானோ மூடியை முழுவதும் திறப்பதா, குட்டைக் கம்பியில் பாதி நிறுத்துவதா என்பதை மேடையில் நின்றுகொண்டு முடிவு செய்யாதே. ட்ரம்பெட்டின் சத்தம் முன்னால் போகிறது, நீ அதன் பின்னால் நிற்கிறாய். பியானோ உன் சத்தத்தை அமுக்குகிறது என்று உனக்குத் தோன்றும்போது அரங்கில் நீதான் அதை அமுக்கிக்கொண்டிருப்பாய். கடைசி வரிசையில் போனை வைத்துப் பதிவு செய்து, இருவரும் சேர்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள். முழுவதும் திறந்து வைத்து நீ சமாளிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மூடியைத் தாழ்த்தினால் சத்தம் குறைவதைவிடத் தெளிவுதான் அதிகம் குறைகிறது.

தினசரி அளவு: இருபது நிமிடம் வாசித்தால் இருபது நிமிடம் ஓய்வு. ஓய்வில் பிரதியைப் படி, பாடு. முழுப் படைப்பையும் நிறுத்தாமல் வாசிப்பது வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், அதையும் அடுத்தடுத்த நாளில் வைத்துக்கொள்ளாதே. உதடு வீங்கிய மறுநாள் சுரம் வராததைப் பார்த்துப் பயந்து, அதைச் சரி செய்ய இன்னும் வாசிப்பது உன் வழக்கம். அன்று மெல்லிய நீள் சுரங்கள் பத்து நிமிடம், அத்தோடு கருவியைப் பெட்டியில் வை. சின்ன மவுத்பீஸுக்கு மாறினால் களைப்பு குறையும் என்று கடைசி வாரத்தில் ஆசை வரும். மாறாதே, சுருதியும் நாதமும் சேர்ந்து மாறும்.

நிகழ்ச்சி அன்று காலையில் பதினைந்து நிமிடம், நடு ஸ்தாயியில், மெல்லிய சத்தத்தில். மாலையில் அரங்குக்குப் போனதும் பியானோவின் பி ஃப்ளாட்டோடு மட்டும் சேர்த்துப் பார்த்து நிறுத்திவிடாதே. எஃப்-ஐயும் சேர்த்துப் பார். மேடையில் முதல் பகுதியின் ஒரு உச்ச வரி, மூன்றாம் பகுதியின் நுழைவு, அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தைத் தொடாதே.

அடுத்த வாரம் பதிவு அனுப்பும்போது அந்தப் பக்கத்தை அனுப்பு. இரண்டு தடவை: காலையில் வாசித்தது ஒன்று, மூன்றாம் பகுதியை முழுவதும் வாசித்த பிறகு வந்தது ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, முதல் பகுதியில் எங்கே குறைக்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா